ஊரும் தூரமும் – 9: பூதலூரில் இறங்குகிறவர்கள்

"தஞ்சாவூர் எவ்வளவு தூரம்?" என்று திருச்சியில் கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. "ஒன்றேகால் மணி நேரம்" என்பார்கள். ரயிலில் போய்ப் பழகியவர் என்றால், "எக்ஸ்பிரஸா, பாசஞ்சரா?" என்று திருப்பிக் கேட்பார். தண்டவாளக் கணக்கில் சுமார் 50 கிலோமீட்டர். சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் கூடும்.

சாலையும் ரயிலும் ஒரே நிலத்தில் போவதில்லை. சாலை துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று மேட்டுநிலத்தின் மேலேயே போகிறது. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த, வானம் பார்த்த பூமி. ரயில் பூதலூர்ப் பக்கம் ஒதுங்கிப் போகிறது. அங்கே கல்லணைக் கால்வாயின் தண்ணீர் பாய்வதால் ஜன்னலுக்கு வெளியே நெல் தொடங்கிவிடும். புது ஆறு என்றுதான் அந்தக் கால்வாயைச் சொல்வார்கள். அது வெட்டி முடிந்தது 1934இல். ரயில் அதற்கு 72 வயது மூத்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வந்த பாதை 1862இல் திருச்சியைத் தொட்டது. முதலில் அகலப்பாதை, 1875இல் மீட்டர்கேஜ், நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி அகலப்பாதை.

ஒற்றைத் தண்டவாளக் காலத்தில் நேரத்தைத் தின்றது கிராசிங்தான். எதிர்வண்டி வரும்வரை பூதலூரில் நின்றுகொண்டே இருப்போம். சீசன் டிக்கெட் ஆசிரியைகள் அதற்குள் முழப்பூ கட்டி முடித்துவிடுவார்கள். இரட்டைப் பாதை வந்த பிறகு அந்தக் காத்திருப்பு பெரிதும் போய்விட்டது. திருச்சியில் ஏறித் தஞ்சையில் இறங்குகிறவருக்கு ஊர் கிட்டே வந்துவிட்டது. மனசாரச் சந்தோஷம்தான்.

நடுவில் இருப்பவர்களின் கணக்கு வேறு. சோளகம்பட்டி, ஆலக்குடி போன்ற சிறு நிலையங்கள் பெரும்பாலும் பாசஞ்சரையே நம்பியிருக்கின்றன. சாலையில் இடைநில்லாப் பேருந்துகள் செங்கிப்பட்டியை ஒரு ஹாரனோடு கடந்துவிடுகின்றன. போன மாதம் பாசஞ்சரில் எதிரே ஒரு அம்மா, மடியில் பேரன், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. "டாக்டர் பாக்க அஞ்சு நிமிஷம்தான் தம்பி. இந்த வண்டிய விட்டா அப்புறம் சாயங்காலம்தான்" என்றார். அவர் ஊருக்கும் தஞ்சைக்கும் 20 கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரு நாள் கூலி அதிலேயே போய்விடுகிறது.

பாதையை இரட்டிப்பாக்கியதில் மிச்சமான நிமிடங்களில் இரண்டை அந்த நிலையங்களுக்குத் தரலாம். மத்தியானம் ஒரு பாசஞ்சர் கூடுதலாக விடலாம். அதற்குப் புதிதாகத் தண்டவாளம் எதுவும் போட வேண்டியதில்லை.

அந்த அம்மா பூதலூரில் இறங்கினார். இன்னும் மினி பஸ் பிடிக்க வேண்டுமாம். தூங்கிவிட்ட பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தார்.

அடுத்த வாரம் இதே இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்றாவது வழி: காவிரியை ஒட்டி, கல்லணை மேலாக, திருக்காட்டுப்பள்ளி வரைக்கும்.

(தொடரும்)