வெற்றுத்தாளும் பாதுகாவலரும்: பால்புதுமையரின் மனநலம், வளர்ச்சிக் குறைபாடு குறித்த மூன்று சட்டப்பிரிவுகள்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தின் தொழிலாளர்களில் கணிசமானோர் சொந்த ஊரைவிட்டு வந்து விடுதிகளில் வாழ்பவர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதி மட்டுமே 18,720 பேர் தங்கத்தக்கது. இச்சூழலில் வாழும் தன்பாலீர்ப்பினர் ஒருவரோ திருநம்பி ஒருவரோ கடும் மனநோய்க்கு உள்ளாகும்போது உடனிருப்பவர் அறைத்தோழர் அல்லது துணைவர். ஆயின், நோயாளியின் சார்பில் பேசும் உரிமை யாருக்கு உண்டு? பாலீர்ப்பையே நோயெனக் கருதும் குடும்பத்திடம் அவ்வுரிமை சென்றால் சிகிச்சையின் போக்கே மாறிவிடக்கூடும்.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கோரிய வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை, பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தது. அது மருத்துவரைக் கட்டுப்படுத்தியது. நோயாளியின் சார்பாளர் யார் என்பது வேறு வினா.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 14-ஆம் பிரிவு அதற்கு விடை தருகிறது. வயதுவந்த எவரும் தமக்கொரு பிரதிநிதியை நியமிக்கலாம். வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டால் போதும். நியமிக்கப்படுபவரின் எழுத்துவழி இசைவு தேவை. அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. நியமனம் இல்லையெனில் முன்னுரிமை உறவினருக்கே. உடன்வாழ்ந்து பேணுபவர் அவருக்கு அடுத்தே வருகிறார். 89-ஆம் பிரிவின்படி, கடும் மனநோயுற்றவரை மருத்துவமனையில் சேர்க்க விண்ணப்பிப்பவரும் இப்பிரதிநிதியே.

வளர்ச்சிக் குறைபாடுடைய பால்புதுமையரின் நிலை இன்னும் கடினமானது. 2017 சட்டத்தின் 'மனநோய்' வரையறை அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை உள்ளடக்கவில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றுக்குரியது தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999. அதிலும் 14-ஆம் பிரிவே பாதுகாவலர் நியமனத்தைக் கூறுகிறது. எண் ஒன்று, நோக்கு வேறு. உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர், உறவினர், பதிவுபெற்ற அமைப்பு ஆகியோர் விண்ணப்பிக்கலாம். தமக்கு யார் வேண்டுமென மாற்றுத்திறனாளியே விண்ணப்பிக்க அப்பிரிவில் இடமில்லை. என்றும் குழந்தையாகவே பார்க்கப்படும் ஒருவர் தம் பாலினத்தைக் கூறினால், அதுவும் குறைபாட்டின் அறிகுறியாகவே கொள்ளப்படுகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 (இங்கும் 14-ஆம் பிரிவுதான்) இதைத் தளர்த்துகிறது. பிற சட்டங்களின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே' செயல்படுவதாகக் கொள்ளப்படுவர். முடிவுகளை இருவரும் பரஸ்பரப் புரிதலோடு சேர்ந்தே எடுக்க வேண்டும். எனவே 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனித்து வாசிப்பது பிழையாகும்.

சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே 22 அன்று 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்னும் கருத்தை ஏற்றது. அவ்வழக்கின் பெண் தம் விருப்பத்தைத் தாமே நீதிபதிகளிடம் கூற இயன்றவர். பேச்சுக்கு மாற்றாகப் படங்களையோ சைகையையோ பயன்படுத்தும் ஒருவரின் விருப்பத்தை உள்ளூர்க் குழு எவ்வாறு பதிவுசெய்ய வேண்டும் என்பதை மேற்கண்ட பிரிவுகள் கூறவில்லை.