பெற்றோர்க்குத் துணை

மக்கட்பேறு செல்வங்களுள் தலைசிறந்தது என்பர் ஆன்றோர். ஆயின், அச்செல்வம் தானே வளர்வதன்று. ஆட்டுக்குட்டி பிறந்த சிறிது நேரத்தில் எழுந்து நிற்கின்றது. கன்று தாயின் மடியைத் தானே தேடிச் செல்கின்றது. மனிதக் குழவிக்கோ தலை நிற்பதற்கே திங்கள் சில வேண்டும். நடப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு வேண்டும். தன் உணவைத் தானே ஈட்டிக்கொள்வதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். இத்துணை நெடிய பணியைத் தாயும் தந்தையும் தனித்து நின்று செய்தல் அரிது. ஆதலின் அவர்கள் சுற்றத்தாரையும் நண்பரையும் துணையாகக் கொள்கின்றனர். திருவள்ளுவர் மக்கட்பேற்றினைக் கூறியதோடு அமையாது, சுற்றந்தழாலையும் நட்பையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்து ஓதியமை ஈண்டு நினைத்தற்குரியது.

இத்துணை எவ்வாறு அமைகின்றது என்பதைத் தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் வைத்துக் காண்போம். சேர்வராயன் மலையில் தோன்றும் வாணியாறு பாயும் நிலம் அது. கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் அங்கு விளைகின்றன. உழவும் கூலி வேலையுமே பலர்க்கு வாழ்வு.

முதற்பேற்றிற்குப் பெண் தாய்வீடு செல்லுதல் தமிழகத்துப் பிற ஊர்களிற்போல அங்கும் வழக்கம். ஈன்றவளின் உடல் தேறுதற்கு ஓய்வு வேண்டும். அதனை அவள் தாய் தருகின்றாள். குழவியை எடுக்கும் முறை, குளிப்பாட்டும் முறை, பசியால் அழும் அழுகைக்கும் நோயால் அழும் அழுகைக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றை இளந்தாய் அங்கே கற்கின்றாள். பின்னர்க் காது குத்தும் நாளில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமர்த்துகின்றனர். ‘இப்பிள்ளைக்கு நானும் பொறுப்பு’ என்று மாமன் ஊரறியக் கூறும் உறுதிமொழியாகவே அச்சடங்கினைக் கொள்ளலாம்.

சுற்றத்தார் தொலைவில் இருப்பின் அண்டை வீட்டாரே சுற்றமாகின்றனர். விடியற்காலையில் களையெடுக்கச் செல்லும் தாய், தூளியில் உறங்கும் மகவை அடுத்த வீட்டு மூதாட்டியிடம் ஒப்புவித்துச் செல்கின்றாள். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தந்தை முதலில் தட்டுவது வண்டி வைத்திருக்கும் நண்பனின் கதவையே. இம்மாவட்டத்தினின்றும் பலர் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்குமாகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்கின்றனர். அவருட் சிலர், பிள்ளைகளின் படிப்புக் கெடாதிருத்தற்பொருட்டு அவர்களைப் பாட்டன் பாட்டியரிடம் விட்டுச் செல்கின்றனர். தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவதும், மாலையில் வாயிலில் நின்று வழிபார்ப்பதும் அம்முதியோரே.

முதியோர் துணையின் பயனை ஆராய்ச்சியாளரும் கண்டுள்ளனர். ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டுச் சிற்றூர்களில் 1950 முதல் 1974 வரை குழந்தைகளைப் பற்றிய குறிப்புகள் தொகுக்கப்பட்டன. அவற்றைப் பின்னர் ஆராய்ந்தோர் ஓர் உண்மையை அறிந்தனர். பால்குடி மறக்கும் பருவத்துக் குழந்தைகளுள், தாயைப் பெற்ற பாட்டி உயிரோடிருக்கப் பெற்றவர்கள், அவளை இழந்தவர்களினும் மிகுதியாக உயிர் பிழைத்தனர். பாப்பிரெட்டிப்பட்டித் தாய்க்கும் காம்பியா நாட்டுத் தாய்க்கும் மொழி வேறு, நாடு வேறு, தேவை ஒன்றே.

நட்பின் துணையும் இதற்குக் குறைந்ததன்று. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்குப் பிறந்த மகனைக் கண்ட காட்சியை அவன் நண்பராகிய ஔவையார் பாடினார்; அப்பாட்டு புறநானூற்றில் உள்ளது. இது மகிழ்ச்சியில் பங்குகொண்ட நட்பு. துன்பத்தில் தோள் கொடுத்த நட்பைக் கபிலரிடம் காண்கின்றோம். பறம்பு மலைத் தலைவனாகிய பாரி இறந்தபின், அவன் மகளிர் இருவரும் தந்தையற்றோராயினர். புலவராகிய கபிலர்க்குப் படையில்லை, நாடில்லை. எனினும் அவர் அம்மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். இருவரும் மறுத்தனர். பின்னரும் கபிலர் அம்மகளிரைக் கைவிடாது, பார்ப்பாரிடம் அடைக்கலமாக ஒப்புவித்த பிறகே தம் நண்பனை நினைந்து வடக்கிருந்து உயிர் நீத்தார். நண்பனின் மக்களைத் தம் மக்களாகக் கருதியமையால் அன்றோ, அவர் வேந்தர் வாயிலில் நின்று வேண்டுதற்கும் நாணவில்லை!

துணை வேண்டுதல் இழிவோ எனின், இழிவன்று. இன்று பெறுவோர் நாளை தருவோர் ஆவர். திருமணத்தில் தரும் மொய்ப்பணத்தை ஏட்டில் எழுதிவைத்து, உரிய காலத்தில் திருப்பிச் செய்வது நம் வழக்கம். பிள்ளையை ஒரு பகல் பார்த்துக்கொண்டதற்கு அத்தகைய ஏடு இல்லை. செய்தவர் அதனை மறத்தலும், பெற்றவர் மறவாதிருத்தலுமே அவ்வுறவின் இலக்கணம்.

ஆயினும் துணைக்கு எல்லை உண்டு. முதியோரின் பட்டறிவு பெரிது. எனினும் முதல் ஆறு திங்களுக்குத் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா என்று மருத்துவர் கூறும்போது, சர்க்கரை நீர் ஊட்டும் பழவழக்கத்தைப் பாட்டியர் விட்டுவிடுதலே நன்று. பேரப்பிள்ளைகளைச் சுமந்த தோள்களும் தளரும். அவர்க்கும் ஓய்வு வேண்டும். இவற்றினும் பெரியது ஒன்று உண்டு. சில இல்லங்களில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுமாறு மூத்த மகளைப் பள்ளியினின்றும் நிறுத்திவிடுகின்றனர். ஒருவர் சுமையைப் பலர் பகிர்ந்துகொள்வதே துணை. பலர் சுமையை ஒரு சிறுமியின் தலையில் ஏற்றுதல் துணையாகாது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. சிறு குழந்தைகளைக் காத்தற்பொருட்டு 1975-இல் தொடங்கிய திட்டத்தின்வழி வந்த அங்கன்வாடிகள் உள்ளன. உறவினர் கை எட்டாத இடத்தில் ஊரும் அரசும் கை நீட்டுதல் வேண்டும் என்பதே அவற்றின் கருத்து.

மாணவர்களே, நீங்கள் இன்று நடக்கவும் பேசவும் படிக்கவும் வல்லவராயிருப்பதற்குப் பெற்றோர் மட்டுமே காரணர் அல்லர். உங்களைத் தூளியில் இட்டு ஆட்டிய கைகள் எத்தனை என்பதை உங்கள் தாயாரிடம் கேட்டறியுங்கள். அவருள் முதுமையுற்றோர் உளராயின், அவர்க்கு ஒரு குடம் நீர் கொணர்ந்து கொடுங்கள். கண் மங்கியோர்க்குக் கடிதம் படித்துக் காட்டுங்கள். பள்ளி முடிந்த மாலையில் அண்டை வீட்டுக் குழந்தையைச் சிறிது நேரம் விளையாட்டுக் காட்டி மகிழ்வியுங்கள். நும் பாடமும் கெடாது. ஒரு தாயின் சுமையும் குறையும்.