மாரிக்கு முன் வாய்க்கால்: எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்?

2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மாரி தொடங்குவதற்கு வெகு முன்பே, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பெய்த மழைநீர் கூடாரங்களுக்குள் புகுந்தது. மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. காடு வெட்டிச் சமப்படுத்திய நிலம் அது. மரமும் சருகும் இருந்தபோது உள்ளே இறங்கிய நீர், ஆட்கள் மிதித்து இறுகிய வெறுந்தரையில் இறங்க வழியின்றி ஓடியது. புதிய காணியில் கொட்டில் போடுவோர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். மழையை அளக்க, அடியும் வாயும் ஒரே அகலமான தகரப்பேணி ஒன்றை மரம், கூரை அருகில்லாத வெளியில் வையுங்கள். பிள்ளைகளின் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளக்கலாம். காலையில் மட்டும் பார்த்தால் முழுநாள் மழைதான் தெரியும். வாய்க்காலுக்கு அது உதவாது. நாள் முழுவதும் தூறி 100 மில்லிமீற்றர் சேர்ந்தால் வாய்க்கால் தாங்கும். அதில் பாதி ஒரே மணித்தியாலத்தில் கொட்டினால் தாங்காது. ஆகவே அடைமழையின் நடுவில், சாக்கைப் போர்த்திக்கொண்டாவது போய், ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், ஏறக்குறைய 2,000 சதுர மீற்றர். பலத்த மழையில் மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். விழுவது 1,00,000 லீற்றர். அத்தனையும் ஓடாது. தகரக் கூரையில் பெரும்பாலும் முழுவதும் ஓடும். இறுகிய முற்றத்தில் பாதியளவு. மணற்பாங்கான பற்றைக்காட்டில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஆனால் கார்த்திகையில் மண் ஊறிய பிறகு எல்லா இடத்திலும் இந்தப் பங்கு கூடும். முதல் மழையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பாதி என்று கொண்டால் மணித்தியாலத்துக்கு 50,000 லீற்றர், அதாவது செக்கனுக்கு 14 லீற்றர். ஓர் அடி அகலமும் அரை அடி ஆழமும் உள்ள வாய்க்காலில் நீர் செக்கனுக்கு ஓர் அடி வேகத்தில் ஓடினால் அதே 14 லீற்றர்தான் போகும். விளிம்புவரை நிரம்பிய வாய்க்கால் ஒரு சருகு அடைத்தாலே உடைக்கும். ஆகவே ஒன்றரை அடி அகலம், ஓர் அடி ஆழம் வெட்டுவதே புத்தி. உங்கள் ஒழுங்கையில் நீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை, பத்தடி தூரத்தை ஒரு வேப்பிலை எத்தனை செக்கனில் கடக்கிறது என்று எண்ணி அறியலாம்.

இது உங்கள் காணியில் விழும் மழைக்கு மட்டுமான கணக்கு. மேட்டிலுள்ள அயலவர் காணி நீரும் உங்களிடம் வருமானால் அந்தப் பரப்பையும் சேர்க்க வேண்டும். இதனால்தான் தனித்தனியே வெட்டிய வாய்க்கால்கள் சண்டையில் முடிகின்றன. நான்கைந்து குடும்பங்கள் கூடிக் கணக்கிட்டால் ஒரே வாய்க்கால் போதும்.

வாய்க்கால் கொட்டிலின் மேட்டுப்பக்கம் வரட்டும். வெட்டிய மண்ணைக் கொட்டில் பக்கமாக அணைத்து வரம்பாக்குங்கள். நீர் கிணற்றடிக்கோ மலசலகூடக் குழிக்கோ போகக் கூடாது. கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி வெட்டுங்கள். வேலை முடியுமுன் மழை வந்தாலும், வெட்டிய அளவுக்கு நீர் வடிந்து போகும்.