ஏஜெண்டிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்!

கடைக்காரர் கடுகு நிறுக்கும்போதுகூட தராசு முள்ளை உற்றுப் பார்க்கிற நாம், இருபது வருஷம் பணம் கட்டப் போகிற இன்ஷூரன்ஸ் பாரத்தை நீட்டினால் மட்டும், "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுப் போட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். இதற்குக் காரணம் உண்டு. ஏஜெண்ட் என்று வருகிறவர் பெரும்பாலும் அந்நியர் இல்லை. ஒன்றுவிட்ட சித்தப்பாவாக இருப்பார், நம் வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பராக இருப்பார், எதிர்வீட்டு மாமியாகவும் இருக்கலாம். அவரிடம் போய், "உங்க கார்டைக் காட்டுங்க" என்று எப்படிக் கேட்பது?

தாராளமாகக் கேட்கலாம், சகோதரிகளே. அதை அவர் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். கணவருக்குச் சர்க்கரை வியாதி. பாலிசி எடுக்கும்போது அவர் ஏஜெண்டிடம் அதை வாய்விட்டே சொல்லியிருக்கிறார். காபி கொண்டு வந்த மனைவியும் காதால் கேட்டிருக்கிறாள். "இதெல்லாம் எழுதினா டாக்டர் சோதனை, கூடுதல் பிரீமியம்னு இழுத்தடிப்பாங்க. நான் பார்த்துக்கறேன் சார்" என்று சொல்லி, ஏஜெண்ட் பாரத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார். கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, மனிதர் போய்விட்டார். இரண்டு பெண் குழந்தைகள். கம்பெனி ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தது. வியாதியை மறைத்ததாகச் சொல்லி, கட்டிய பிரீமியத்தை மட்டும் திருப்பித் தந்தது. "நாங்க சொன்னோமே!" என்று அவள் அழுதாள். சொன்னதற்குச் சாட்சி இல்லை. எழுதியதற்குத் தாள் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஏஜெண்டுகளுக்கு என்னதான் விதி இருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

யார் ஏஜெண்ட்?

நம் நாட்டில் இன்ஷூரன்ஸுக்கு அடிப்படை 1938-ம் வருஷத்துச் சட்டம். 1956 செப்டம்பர் 1-ம் தேதி, அப்போதிருந்த 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. 1999-ல் வந்த சட்டத்தின் பேரில் தனியார் கம்பெனிகளுக்கும் கதவு திறந்தது. இவர்கள் எல்லோரையும் கண்காணிக்க ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஆணையம் ஹைதராபாத்தில் இருக்கிறது. 2016-ல் அது ஏஜெண்டுகளுக்கான விதிகளை வகுத்துத் தந்தது.

அதன்படி ஏஜெண்ட் ஆகிறவர் குறைந்தது பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். அதற்கென்று உள்ள பரீட்சையிலும் தேற வேண்டும். கம்பெனி அவருக்கு நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் தரும். ஆயுள் இன்ஷூரன்ஸில் ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் அவர் ஏஜெண்டாக இருக்க முடியும். 2024 டிசம்பரில் எல்.ஐ.சி. ஆரம்பித்த 'பீமா சகி' திட்டம் பத்தாவது படித்த பெண்களை ஏஜெண்டுகளாகச் சேர்க்கிறது. ஆகவே நாளைக்கு நம்மில் ஒருத்தியே பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகலாம். அப்போதும் இந்த விதிகள் உதவும்.

அவர் செய்ய வேண்டியது

நாம் கேட்டால், இந்தப் பாலிசியில் தனக்கு எவ்வளவு கமிஷன் என்று அவர் சொல்ல வேண்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். எந்தத் திட்டம் நம் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நாமினி பெயரைக் குறிப்பிடும்படி நினைவுபடுத்த வேண்டும். பிற்பாடு பணம் கோரும் நேரம் வந்தால், காகிதங்களைத் தயார் செய்யவும் கூட இருந்து உதவ வேண்டும்.

செய்யக் கூடாதது

பாரத்தில் உண்மையை விடச் சொல்லவோ, பொய் எழுதச் சொல்லவோ கூடாது. எங்கள் தெருவில் நடந்தது இதுதான். "அந்தப் பழைய பாலிசியை நிறுத்திட்டு இதை எடுங்க" என்று வற்புறுத்தக் கூடாது. கணவர் இறந்து வரும் பணத்தில், "நான்தானே அலைந்தேன்" என்று பங்கு கேட்கக் கூடாது. இப்படிக் கேட்டு, துக்க வீட்டில் வாயில்லாமல் எடுத்துக் கொடுத்த பெண்களையும் நான் அறிவேன். அம்மா, அது உன் குழந்தைகளின் பணம். ஒரு பைசா தர வேண்டியதில்லை.

இன்னொன்று சொன்னால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். "முதல் பிரீமியத்தில் பாதியை நானே கட்டிடறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால் நமக்குச் சந்தோஷமாக இருக்கிறது இல்லையா? 1938 சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடுக்கிறது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் தப்பு! 2015 திருத்தத்தில் அதற்கு அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை என்று உயர்த்தினார்கள். புடவைக் கடையில் பேரம் பேசுவது போல் இங்கே பேசக் கூடாது. தன் கமிஷனை விட்டுக்கொடுத்து ஆள் பிடிக்கிறவர் அடுத்த வருஷம் நம் வாசலுக்கு வருவார் என்று என்ன நிச்சயம்?

பணம் யார் கையில்?

"பிரீமியத்தை ஏஜெண்டிடம் கொடுத்தாச்சு" என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். 1987-ல் ஒருவர் தம் பிரீமியத்துக்கான செக்கை ஏஜெண்டிடம் கொடுத்தார். செக் பணமாகிவிட்டது, ஆனால் அந்தப் பணம் எல்.ஐ.சி.க்குப் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் மாதம் அவர் விபத்தில் இறந்தார். மறுநாள்தான் ஏஜெண்ட் பணத்தைக் கட்டினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1997-ல் தீர்ப்பு வந்தது. பிரீமியம் வசூலிக்க ஏஜெண்டுக்கு அதிகாரம் கிடையாது, அவரிடம் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கட்டியதாக ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பாலிசித் தொகை குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

பிற்பாடு சில ஏஜெண்டுகளுக்கு மட்டும் பிரீமியம் வாங்கி, கம்பெனியின் அச்சிட்ட ரசீதை அங்கேயே தரும் அதிகாரத்தை எல்.ஐ.சி. கொடுத்தது. எப்படியானாலும் கம்பெனி ரசீது கைக்கு வந்தால்தான் பணம் கட்டியதாக அர்த்தம். துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அதை ரசீது என்று பத்திரப்படுத்தாதீர்கள். வருஷம், அரை வருஷம், மூன்று மாதம் என்று கட்டுகிறவர்களுக்குத் தவணை தேதிக்குப் பிறகு முப்பது நாள் அவகாசம் உண்டு. மாதா மாதம் கட்டுகிறவர்களுக்குப் பதினைந்தே நாள்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

பாரத்தை ஏஜெண்ட் எழுதினாலும் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நமக்குத் தெரியாத பாஷையில் பாரம் இருந்தால், விளக்கிச் சொன்னதாக எழுதியவர் அதிலேயே உறுதி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. வெற்றுப் பாரத்தில் மட்டும் ஒருநாளும் கையெழுத்துப் போடாதீர்கள். வியாதி, ஆபரேஷன், பீடி சிகரெட் பழக்கம் எதையும் மறைக்க வேண்டாம். பிரீமியம் கொஞ்சம் கூடினால் கூடிவிட்டுப் போகட்டும். 45-வது பிரிவின்படி மூன்று வருஷம் தாண்டிவிட்டால் ஆயுள் பாலிசியைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அந்த மூன்று வருஷத்துக்குள் நமக்கு ஒன்று நேர்ந்தால், பாரத்தில் எழுதியதுதான் பேசும்.

பாலிசிப் பத்திரம் கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். முதலில் படியுங்கள். ஏஜெண்ட் சொன்னது ஒன்று, பத்திரத்தில் இருப்பது வேறு என்றால், பத்திரம் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பலாம். முத்திரைச் செலவு, டாக்டர் சோதனைச் செலவு, அதுவரைக்குமான காப்புத் தொகை இவை போக மீதிப் பணம் வந்துவிடும். 2024-ல் வந்த விதி இது. அதற்கு முன் பொதுவாகப் பதினைந்து நாள்தான் இருந்தது.

குறை இருந்தால்?

முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஐம்பது லட்சம் ரூபாய் வரை உள்ள கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். அவர் கொடுக்கும் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும். ஆனால் கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். துக்கத்தில் நாள் ஓடிவிடும், ஜாக்கிரதை! ஆணையத்திடம் நேரே புகார் சொல்ல 155255 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்.

நல்ல ஏஜெண்டுகள் நிறைய பேர் இருக்கிறார்கள். மழையில் நனைந்து வந்து, சாவு வீட்டில் கண்ணீரோடு நின்று, பாரம் நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்கித் தந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நாம் கேள்வி கேட்டால் அப்படிப்பட்டவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். யார் கோபித்துக்கொள்கிறாரோ, அவரிடம் பாலிசி எடுப்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்களேன். வீட்டில் உள்ள பாலிசிகளை வெளியே எடுங்கள். நம்பர், நாமினி பெயர், கடைசி ரசீதின் தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாமினி சின்னக் குழந்தை என்றால், அதன் சார்பில் பணம் வாங்கிக்கொள்ள ஒரு பெரியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டு இருக்கும் இடத்தை வீட்டில் இன்னும் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.