குற்றமில்லாத வரி

பிரின்ட் கட்டளையில் திறந்த அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டால், பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்புகள் அடுத்த வரியைக் காட்டி ‘இன்வேலிட் சின்டாக்ஸ்’ என்று சொல்லும். அந்த வரியில் ஒரு குற்றமும் இருக்காது. புதிதாகப் படிப்பவர் அதையே அழித்து எழுதுவார், இடைவெளி விட்டுப் பார்ப்பார், எழுத்துப் பிழை தேடுவார். எர்ரர் போகாது.

காரணம் எளிது. குறி மூடாதவரை அடுத்த வரியும் அதே கட்டளையின் தொடர்ச்சி என்றே பைத்தான் படித்துக்கொண்டு போகிறது. ஒட்டாத சொல் எங்கே வருகிறதோ அங்கேதான் அதற்கு இடறுகிறது. 2020இல் வந்த 3.9 பதிப்பில் நிரலைப் படித்துப் பிரிக்கும் பகுதியையே புதிதாக எழுதினார்கள். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸமும் அந்த வேலையில் இருந்தார். அதன் பலனாக 2021இல் வந்த 3.10 பதிப்பு, ‘இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை’ என்று திறந்த இடத்தையே காட்டுகிறது. பைத்தான் முதலில் வெளிவந்தது 1991இல். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அதற்கு முப்பது வருஷம் பிடித்திருக்கிறது!

எர்ரரே தப்பான இடத்தைக் காட்டும்போது, புதியவரின் கேள்வி மட்டும் தெளிவாக எப்படி வரும்? ‘புரோகிராம் ஒர்க் ஆகலை, ஹெல்ப் பண்ணுங்க’ என்று இணையத்தில் போடுகிறார். கூடவே லேப்டாப் திரையைச் செல்போனில் சாய்வாகப் பிடித்த போட்டோ ஒன்று. போட்டோவில் இருக்கும் நிரலை யாரும் ஓட்டிப் பார்க்க முடியாது.

அனுபவசாலிகள் சொல்லும் வழி, நிரலைச் சுருக்கிக் கேட்பது. பாதியை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். பிழை இன்னும் இருந்தால் மிச்சத்தில் பாதியை நீக்குங்கள். இருநூறு வரிகூட ஏழெட்டு வெட்டில் ஒற்றை வரிக்கு வந்துவிடும். அதற்குள் விடையும் பெரும்பாலும் கையில் கிடைத்துவிடும். நல்ல வழிதான். ஆனால் எங்கே வெட்டினால் மிச்சம் ஓடும் என்று தெரிவதற்கே கொஞ்சம் அனுபவம் வேண்டுமே! அது இல்லாதவரிடம் ‘முதல்ல கேள்வியை ஒழுங்கா கேளுங்க’ என்று எரிந்து விழுவதில் நியாயமில்லை. புரோகிராமர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமே, புதியவர்களை இன்முகத்தோடு வரவேற்கும் இடமாகத் தான் இல்லை என்று 2018இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இன்னொரு வகைச் சிக்கலில் எர்ரரே வராது. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் புரோகிராம். 5, 7 என்று கொடுத்தால் 57 என்று வருகிறது. இன்புட் கட்டளை எதை வாங்கினாலும் எழுத்துத் தொடராகத்தான் தரும்; எழுத்துத் தொடர்களுக்கு நடுவில் கூட்டல் குறி வந்தால் ஒட்டுகிற வேலையைத்தான் செய்யும். இன்ட் கட்டளையால் எண்ணாக மாற்றினால் 12 வந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். அதைவிட, ‘கூட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டும் என்ன டைப் என்று பிரின்ட் பண்ணிப் பாருங்க’ என்று சொல்பவரிடம் கற்றுக்கொள்ள எனக்கு ஆசை. திரையில் ‘எஸ்டிஆர்’ என்று வரும். அது என்ன என்று தேடுவதற்கு இப்போது புதியவரிடம் ஒரு சொல் இருக்கிறது.