அச்சிலிருந்து கழன்று வந்தது படகு!

மூக்கைக் கொஞ்சம் பொத்திக்கொண்டு என் பின்னாலேயே வாங்க. காலாப்பட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, மீனவர் தெருக்களைக் கடந்தால் ஒரு கீற்றுப் பந்தல். உள்ளே ஃபைபர் படகு செய்கிறார்கள்! கரையில் வரிசையாக நிற்கும் படகுகளை எல்லோரும்தான் பார்க்கிறோம். அவை உருவாகும் இடத்துக்குள் யாருக்கு இடம் கிடைக்கும்? "காலு பத்திரம்க்கா, ரெசின் ஒட்டுச்சுன்னா செருப்ப இங்கியே உட்டுட்டுப் போவணும்" என்பதுதான் வரவேற்பு.

கல்லாய் இறுகிப்போன பிரஷ்கள், வெட்டிய பெயிண்ட் டப்பாக்கள், ஆறிய டீ, வெள்ளை வெளேரென்று கண்ணாடி இழைச் சுருள்கள். நடுவில் படகின் அச்சு. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி ஒரு தம்பி அதற்குள் மெழுகு தேய்க்கிறார். அடுத்து நீல நிற ஜெல்கோட். நாம் கடைசியாகப் பூசுவார்கள் என்று நினைக்கும் வெளி வண்ணம்தான் இங்கே முதல் வேலை. படகு வெளியிலிருந்து உள்நோக்கி வளர்கிறது!

பிறகு இழையை விரிப்பது, ரெசின் ஊற்றுவது, ரோலரால் அழுத்திக் காற்றுக்குமிழிகளை விரட்டுவது. மறுபடி இழை, மறுபடி ரெசின். வெயில் ஏறினால் ரெசின் குவளைக்குள்ளேயே இறுகிவிடும் என்பதால் விடியலிலேயே தொடங்குகிறார்கள். உடம்பெல்லாம் வேர்வை. அந்த வேர்வையில் இழைத்தூள் ஒட்டினால் அரிப்பு பிய்த்துவிடும். அதனால் தேய்ப்பு வேலைக்கு முன்னால் கையெல்லாம் தேங்காய் எண்ணெய். "எங்களுக்கு தெனமும் தீபாவளிதான்" என்று ஒருவர் சொல்ல, பந்தலே சிரிக்கிறது.

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன்: ஏன் அலுமினியத்தில் செய்வதில்லை? ஆஸ்திரேலியாவில் 'டின்னி' என்ற செல்லப்பெயரோடு அலுமினியப் படகுகள் ஏராளம். பாறையில் இடித்தால் ஃபைபர் விரியும், அலுமினியம் பெரும்பாலும் நசுங்கும். பழசானாலும் எடைக்குப் போடலாம். பழைய ஃபைபரை வாங்க ஆளே இல்லை.

பெரியவர் ஒருவர் பதில் சொல்லாமல் என்னைக் கரைக்கு அழைத்துப் போனார். படகின் அடிப்பாகத்தில் ஒரு கீறல். நனைந்த இடத்தைக் காயவைத்து, தேய்த்து, ஒரு துண்டு இழை, ஒரு குவளை ரெசின். "நாளைக்கே கடலுக்குப் போவும். அலுமினியம்னா ஆர்கான் வெல்டிங் வேணும். அத மணல்ல யாரு வைப்பா?" உப்புத்தண்ணீரில் செம்பு, இரும்பு பாகங்கள் அலுமினியத்தைத் தொட்டபடி இருந்தால் அரிப்பு விழும் என்ற கவலையும் உண்டு.

கீறலுக்கு ஒரு காரணம் கண்ணெதிரே கிடக்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டன. அதன்பின் வடக்குக் கரை தேய்ந்துகொண்டே வருகிறது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கும் அலைக்கும் நடுவில் படகு ஏற்ற மிஞ்சுவது சின்ன மணல் திட்டு. எந்தப் பொருளில் படகு செய்தாலும், அதை இழுத்துப் போட மணல் வேண்டாமா?

பெரியவர் கட்டுமரத்தில் தொழில் பழகியவர். 1980களில் சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தினர், அலையில் இறங்கிக் கரையேறும் ஃபைபர் படகுகளைச் சோதித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளால் கரை நிறைந்தது. கட்டுமரம் ஒதுங்கியது.

"அக்கா, சீக்கிரம் வாங்க!" பந்தலுக்கு ஓடினோம். முந்தைய படகு ஒன்று அச்சிலிருந்து கழலப்போகிறது. ஓரத்தில் மர ஆப்பு, இடுக்கில் தண்ணீர், ரப்பர் சுத்தியலால் தட்டு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, 'படக்'கென்று ஒரு சத்தம். பளபளவென்று நீலம்! படகின் முன்முனையான அணியத்தைத் தடவிப் பார்த்த உரிமையாளரின் மகள், முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கரையிலேயே சீர்செய்ய முடிகிறவரை காலாப்பட்டுக்கு ஃபைபர்தான் சரி. ஆனால் அந்த வாடையையும் தூளையும் வெறும் துண்டு கட்டிக்கொண்டு சுவாசிக்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். படகுக்கு முன்பணம் கொடுக்கும்போது, நல்ல முகக்கவசத்துக்கும் கையுறைக்கும் சேர்த்துக் கொடுங்கள்.