உண்பவருக்கு வரம்பு உண்டு, உழைப்பவருக்கு?

புதுதில்லி: சந்தையில் விற்கப்படும் சோயா எண்ணெய், தவிட்டு எண்ணெய் ஆகியவற்றின் பெரும்பகுதி செக்கில் ஆட்டி எடுக்கப்படுவதில்லை. பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் 'ஹெக்சேன்' என்ற கரைப்பானின் துணையோடுதான் அவை எடுக்கப்படுகின்றன. எண்ணெயில் இந்தக் கரைப்பான் எவ்வளவு எஞ்சலாம் என்று சட்டம் வரையறுத்துள்ளது. ஆனால், அதன் ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு ஏற்படும் நரம்பு நோய்க்கு, தொழில்சார் நோய்களின் சட்டப் பட்டியலில் பெயர் சொல்லி இடமளிக்கப்படவில்லை.

நிறமற்ற, எளிதில் ஆவியாகும் திரவம் ஹெக்சேன். சுமார் 69 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சோயாவை அழுத்திப் பிழிந்தால் பிண்ணாக்கில் கணிசமான எண்ணெய் தங்கிவிடும். ஹெக்சேனைப் பயன்படுத்தினால் எஞ்சுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவே. பின்னர் சூடாக்கிக் கரைப்பானைப் பிரித்து, மீண்டும் பயன்படுத்துகின்றனர். சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியை நம்பியுள்ள நாடு, இத்தொழில்நுட்பத்தை எளிதில் கைவிட இயலாது.

இதற்கென 1967-ல் மத்திய அரசு தனிக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயில் ஹெக்சேன் எச்சம் பத்து லட்சத்தில் 5 பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி.

ஆலைக்குள் நிலைமை வேறு. ஹெக்சேன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே சிறு தீப்பொறி போதும், வெடித்துவிடும். அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1981-ல் சோயா ஆலையிலிருந்து கசிந்த ஹெக்சேன், கழிவுநீர்க் குழாய்கள் வழியே பரவி வெடித்து, தெருக்களையே பிளந்தது.

ஓசையின்றி வரும் ஆபத்து மற்றொன்று. உடலுக்குள் செல்லும் ஹெக்சேன், கை கால் நரம்புகளைச் சிதைக்கும் வேறொரு வேதிப்பொருளாக மாறுகிறது. முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு நடை தளரும். வேலையை விட்ட பின்னரும் சில மாதங்களுக்கு நோய் முற்றுவதுண்டு. பசை, அச்சு மை போன்றவற்றில் கலந்துள்ள ஹெக்சேனை, காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் கையாள்வோருக்கே ஆபத்து அதிகம். ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலாளர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டதை தில்லி மருத்துவர்கள் மருத்துவ இதழில் பதிவு செய்துள்ளனர்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில் ஹெக்சேனால் வரும் நோய்கள் தனியே இடம்பெற்றன. பத்து ஆண்டுகள் கழித்து, 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை மாநிலங்களவை நிறைவேற்றியது. அதன் மூன்றாவது அட்டவணையில் பென்சீன் நச்சு உள்ளது, ஹெக்சேன் இல்லை.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை அன்று. பட்டியலில் உள்ள நோய் என்றால் ஆலை நிர்வாகமும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இல்லாத நோய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. தெரிவிக்கப்படாத நோய் அரசின் கணக்கிலும் ஏறாது.

அட்டவணையை அறிவிக்கை மூலம் திருத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. புதிய சட்டம் ஏதும் தேவையில்லை. ஒரு வரி சேர்த்தால் போதும்.